மணி உதிர்தல்

ஐந்து ரோட்டில் செல்போன் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
ஏசி போட்டால் ரூட்டர் அணைந்துவிடும்,
ரூட்டர் வேண்டுமென்றால் வேர்க்கத்தான் வேண்டும்.
வேர்த்தபடியே எழுதினேன்
நூற்று நாற்பது வரியில் ஓர் எறும்பை.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரி குணாளன்
கேட்டது சின்ன விஷயம்தான்:
"முப்பது வயசுக்குள்ள இருக்கற பொண்ணுங்க
கொலுசைப் பத்தி என்னதாம்மா பேசிக்கறாங்க?
கடையில கேட்டா சிரிச்சிட்டுப் போயிடறாங்க."

உள்ளே விட எறும்புக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது.
பிரமிளா என்று வைத்தேன். ஊர் நாமக்கல்.
முகத்துக்குப் பதில் ஒரு செம்பருத்தி.
பெண்களுக்கு மட்டும் என்று எழுதிய
பதினாறு குழுக்கள் கதவைத் திறந்தன.
"வாங்கக்கா, சாப்பிட்டாச்சா?" என்றாள் ஒருத்தி.
பிரமிளா பதில் சொல்லவில்லை.
அதற்கு நான் சொல்லித்தரவில்லை.

இரவெல்லாம் சுமந்தது.
தாய்ப்பால், பி.எஃப். பணம், ஒட்டும் தோசைக்கல்,
இரண்டு மணிக்கு அழும் யாரோ,
எல்லாவற்றின் மேலும் ஊர்ந்து
கொலுசு என்ற சொல் இருந்த வரியை மட்டும் கவ்வி
என் அட்டவணையில் கொண்டுவந்து போட்டது.
விடிந்தபோது ஜன்னலில்
சேர்வராயன் மலை பாதிதான் இருந்தது.
மீதியை மேகம் எடுத்துப்போயிருந்தது.
நாலாயிரத்து இருநூற்றுப் பதினொரு வரிகள்.

எறும்பே வகையும் பிரித்திருந்தது.
விலை. எடை. கறுத்துப்போதல். திருகாணி தளர்தல்.
கடைசியில் ஒன்று:
*தயாரிப்புக் குறை – மணி உதிர்தல். 63.*

குணாளனுக்கு இது தங்கம்.
பற்றவைப்பை இறுக்கச் சொல்லிவிடுவார்,
ஒரு மணியும் கழன்று விழாத கொலுசு
ஆடிக்குள் சந்தைக்கு வந்துவிடும்.
சும்மா சரிபார்க்கத்தான் திறந்தேன்.

"எல்லா மணியையும் பல்லால கடிச்சு எடுத்துட்டேன்."

"ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தாலும்
ஹால்ல இருந்து யாருன்னு குரல் வருது.
யாருன்னு தெரியாமலா கேக்கறாங்க?"

"கழட்டினா ஏன் கழட்டினேன்னு கேப்பாங்க.
அதனால கொலுசு இருக்கு, சத்தம் மட்டும் இல்ல.
இப்ப வீட்டுல நான் எங்க இருக்கேன்னு
எனக்கு மட்டும்தான் தெரியும்."

கீழே மூன்று பேர் சிரிப்பு பொம்மை போட்டிருந்தார்கள்.
ஒருத்தி கேட்டிருந்தாள்: "கட்டிங் பிளேயர்ல வருமா?"

அறுபத்து மூன்றும் படித்தேன்.
உதிர்ந்தது என்று ஒருத்தியும் சொல்லவில்லை.
அவர்களுக்கு நடுவே
செம்பருத்தியை மாட்டிக்கொண்டு, சத்தமில்லாமல்,
இரவு முழுக்க நடந்திருக்கிறேன் நான்.
நான் யாரென்று ஒரு குரலும் கேட்கவில்லை.

வகையை மாற்றலாம். மாற்றினால்
காரணம் என்ற கட்டத்தை நிரப்பியாக வேண்டும்.
நிரப்பினால் அது போஸ்டராகும்,
புது பஸ் ஸ்டாண்டில் இருபதடி உயரத்துக்கு நிற்கும்:
*மாமியாருக்குக் கேட்காத கொலுசு!*
அப்புறம் எல்லா ஹாலுக்கும் தெரிந்துவிடும்.

அறுபத்து மூன்று வரிகளை அழித்தேன்.
மூல நகலிலும் அழித்தேன்.
பிரமிளாவைப் பதினாறு குழுக்களிலிருந்தும் வெளியே எடுத்தேன்.
பதினைந்தில் யாரும் கவனிக்கவில்லை.
ஒன்றில், "அக்கா ஏன் போயிட்டாங்க?
நாம எதாவது தப்பா பேசிட்டமா?"

திங்கட்கிழமை கடையில், செருப்பைக் கழற்றிவிட்டு,
ஒரே தாளைக் கொடுத்தேன்.
*மணியில்லாத மாடல்: தேவை உண்டு.*
*காரணம்: கிடைக்கவில்லை.*

குணாளன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"அது எப்படிம்மா? நாலாயிரம் பேச்சுல காரணம் மட்டும் கிடைக்கலையா?"
பையன் தட்டுவடை செட் வாங்கி வந்திருந்தான்.
"நமுத்துடும் சார், சாப்பிடுங்க" என்றேன்.
அவர் ஒரு மாதிரிக் கொலுசை எடுத்துக்
காதருகே ஆட்டிப் பார்த்தார்.
இன்னொரு தடவை ஆட்டினார்.
பிறகு கொஞ்ச நேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.