கடைசி ரயிலுக்குப் பிறகு

தரமணியில் பறக்கும் ரயில் ஓயும்வரை
அளக்க முடியாது.
ஒவ்வொரு வண்டியும் திரையில்
ஒரு முட்புதரை முளைக்கவிட்டுப் போகும்.

பதினொன்று இருபது.
மின்விசிறியையும் அணைத்தாயிற்று.
பட்டாணி அளவு செம்புச் சுருளை
சிப்பின் மேல், தொடாமல், பிடிக்கிறேன்,
காய்ச்சலா என்று பார்க்கும் புறங்கை மாதிரி.

அம்பத்தூர் நீரேற்று நிலையத்துப் பலகை இது.
கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்கிறது.
பதிப்பு எண் சரி. செக்சம் சரி.
"சும்மா சந்தேகப்படுறீங்க மேடம்" என்று
பூவராகன் பரோட்டா வாங்கப் போய்விட்டான்.

பதிலுக்கு வசனம் எழுதித் தரலாம் எவனும்.
மூச்சுக்கு எழுத முடியாது.

நல்ல பலகையின் முணுமுணுப்பு பச்சைக் கோடு.
அதன் மேல் இதன் சிவப்பு.
நாற்பது நிமிடம் இரண்டும் ஒன்றாகவே ஓடின.
கொசு கடித்த இடத்தைச் சொறியக் கையில்லை.

பிறகு,
வால்வு திறந்து மூடும் இடுக்கில்
மயிரிழை அளவு ஒரு விக்கல்.
யாருக்கோ எதையோ ஒப்பிக்க
எழுந்து, சொல்லிவிட்டு,
படுத்துக்கொண்டது.

பொட்டலத்தோடு வந்தவன் வாசலில் நிற்கிறான்.
சட்டைப்பையில் அவன் போன் அதிர்ந்து
திரை முழுக்க மறுபடி புதர்.

"அதை அணைச்சிட்டு உள்ள வா."
இன்னொரு முறை விக்கும்வரை
சால்னா ஆறட்டும்.