பார்சல் வந்து சேரும் இடம்

ஹெய்னி மண்டியிட்டுத்தான் அளவெடுத்தாள்.
என் மகளின் பாதத்தை இரும்புத் தட்டில் வைத்து
குதிகாலை ஒட்டத் தள்ளி
"இடது கால் கொஞ்சம் நீளம், தெரியுமா?
இடது ஸ்கேட்டை மட்டும் சூடுகாட்டி இழுத்துத் தரேன்" என்றாள்.
ஒன்பது வருடமாக சாக்ஸ் மாட்டிவிடுகிறேன்.
எனக்குத் தெரியாது.

நாலு பெட்டி திறந்தது.
நாலாவது ஜோடியைப் போட்டுக்கொண்டு வில்யா
ரப்பர் விரிப்பில் கோல்கீப்பராகக் குனிந்து நின்றாள்,
எங்கிருந்தோ வரப்போகிற வட்டுக்காக.
நூற்று எண்பத்தொன்பது யூரோ.
"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.
கசங்கிய காகிதத்தை மறுபடி ஸ்கேட்டுக்குள் திணித்தாள்,
ஒவ்வொரு ஜோடிக்கும்,
அவசரமில்லாமல்.

ஈசல்மியில் அன்று மைனஸ் இருபத்திரண்டு.
கார் சூடாகும்வரை
கை சும்மா இருக்குமா?
கையுறையைப் பல்லால் கழற்றினேன்.
அதே கம்பெனி, அதே மாடல், அதே அளவு,
ஆன்லைனில் நாற்பத்தொரு யூரோ குறைவு.
முன்கண்ணாடியில் உறைபனி உருகி
அவள் கடைப் பலகை தெரிவதற்குள்
வாங்கி முடித்திருந்தேன்.

மனசாட்சிக்கு பதில் வைத்திருந்தேன்.
ஜனவரி மாத மின்கட்டணம்.
ஐஸ் அரங்குக்குக் கட்டிய பணம்.
போன குளிரில் வாங்கிய ஸ்கேட்
இந்தக் குளிருக்குள் சிறுத்துப்போனது.
வரிவரியாக மனப்பாடம்.
யாரும் கேட்கத்தான் இல்லை.

ஐந்தாம் நாள் போனில் செய்தி.
உங்கள் பார்சல் தயார்.
பெற்றுக்கொள்ளும் இடம்:
ஹெய்னி விளையாட்டுப் பொருள் கடை.

எப்போதும் பெட்ரோல் பங்குக்குத்தான் வரும்.
அங்கே அலமாரி நிரம்பிவிட்டதாம்.
இரண்டு நாள் போகவில்லை.
வாரத்துக்குள் எடுக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.
திருப்பி அனுப்புவதும்
அவள்தானே.

போனேன்.
"பெயர்?" என்றாள்,
பத்து வருடமாக என் பெயர் தெரிந்தவள்.
சொன்னேன்.
அடையாள அட்டை கேட்டாள், நீட்டினேன்.
உள்ளே போய்த் தூக்கி வந்தாள்.
எடையிலேயே தெரிந்திருக்கும்.
போதாக்குறைக்கு ஓரத்தில் மாடல் பெயர்
கொட்டை எழுத்தில்.
பெட்டிக்கு வாய் முளைத்திருந்தால்கூட
இவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்காது.

தலை நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன்,
அவள் மூக்கின்மேல்
ஆமையோட்டு நிறத்தில் ஒரு பிரேம்.

செப்டம்பரில்
நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு வந்து
பதினொன்று போட்டுப் பார்த்தாள்.
கருமணிக்கும் கருமணிக்கும் நடுவே எவ்வளவு என்று
அளந்து சீட்டில் எழுதிக் கொடுத்தவள் நான்.
இது ஏழாவது பிரேம்.
"அழகா இருக்கு" என்றுகூடச் சொன்னேன்,
வியாபாரத்துக்காக இல்லை.
யோசித்துச் சொல்வதாகத்தான்
அவளும் போனாள்.

நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.
விரலால் மேலே தள்ளினாள்.
வழுக்கி இறங்கியது.
மறுபடி தள்ளினாள்.
இடது காம்பு வளையவில்லை,
காதுக்குப் பின்னால் இரண்டு மில்லிமீட்டர்,
லேசாகச் சூடுகாட்டி ஓர் அழுத்து,
ஒரு நிமிட வேலை.
என் கட்டைவிரல் நமநமத்தது.

"புது பிளேடு மழுங்கலா இருக்கும்,
கூர் போட்டுத் தரட்டுமா?"
"எவ்வளவு?"
"எட்டு யூரோ.
இங்கே வாங்கியிருந்தா சும்மா."
முகத்தில் கோபம் இல்லை,
சிரிப்பும் இல்லை,
விலைச்சீட்டைப் படிக்கிற குரல்.

சாணைச் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.
பொறி பறக்குமென்று
போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றி
விரித்தபடியே மேசையில் வைத்துவிட்டு
பெரிய பிளாஸ்டிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

கைக்கெட்டும் தூரத்தில்
ஒரு காம்பு மேசையைத் தொடாமல்
சக்கரத்தின் அதிர்வில்
ஆடிக்கொண்டிருந்தது.

அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
இடது ஸ்கேட்டை இழுத்துத் தர
எவ்வளவு ஆகும் என்று
எப்படிக் கேட்பது?