கணு

ஓவுலு நகரில் மார்ச் மாதம்.
நடைபாதைப் பனிமேல் தூவிய சரளையெல்லாம்
பூட்ஸ் இடுக்கில் ஏறி
ரீக்கா வீட்டுக்குத்தான் வருகிறது.

வாசலில் இரண்டு மிதியடி. போதவில்லை.
ஈரத்துணியை இன்னொரு முறை பிழிகிறாள்,
சொட்டு தேங்கினால் பலகை மூட்டு உப்பிவிடும்.
நாற்காலிக் கால்களுக்குக் கம்பளி ஒட்டியாயிற்று.
நாய்க்கு நகம் வெட்டியாயிற்று.
யோவ்கோவை என்ன செய்ய?
மறந்த சாவிக்காக
ஷூவோடு உள்ளே ஓடி வருகிறவன்.

மண்டியிட்டுத் துடைக்கையில்தான் பார்த்தாள்:
ஐந்து பலகைக்கு ஒருமுறை
அதே கணு, அதே சுழி.
மரமில்லை, மரத்தின் புகைப்படம்.
ஒரு படத்துக்கா
இத்தனை முதுகுவலி?

அடுக்களைத் திருப்பத்தில் ஒரு கணுவின் குறுக்கே மட்டும்
சரளை இழுத்த வெள்ளைக் கோடு.
கீறல் அடைக்கும் மெழுகை எடுத்தாள்.
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

வெளியே யோவ்கோ
காலை உதறும் சத்தம்.
ஒரே ஒரு உதறல்.