தேதி போடாதவை

கண்ணாடித் தட்டில் வலது கட்டைவிரலை
வைக்கச் சொன்னாள் சீருடைக்காரி.
வைத்தாள் தொமாசா.
பச்சை விளக்கு எரியவில்லை.
துடைத்துவிட்டு ஒரு முறை,
லோஷன் தடவி ஒரு முறை.
பத்து விரலுக்கும் பொருத்தம் பார்த்தது இயந்திரம்.
மூன்றுதான் தேறின.

என்ன வேலை?
பன்றித் தொடையிலிருந்து எலும்பு பிரிக்கிறேன்.
எத்தனை வருடமாய்?
ஆறு.
சீருடைக்காரி தலையாட்டினாள். ஒமாஹாவில்
அவளுக்கு இது புதிதல்ல.
உப்பும் பனித்தண்ணீரும் கத்திப்பிடியும் தின்றது போக
மிஞ்சிய ரேகையோடு
தினம் நாலு பேராவது வந்து நிற்கிறார்கள்.

இரண்டாம் முறையும் தேறவில்லை.
அப்படியானால், வாழ்ந்த ஊரிலெல்லாம் போய்
குற்றமில்லாதவள் என்று எழுதி வாங்க வேண்டும்.
லெக்சிங்டன், கிராண்ட் ஐலண்ட், ஒமாஹா.
மூன்று காவல் நிலையத்திலும்
இஷ்கோய் என்ற அவள் குடும்பப் பெயரை
மூன்று விதமாய் எழுதிக் கொடுத்தார்கள்.

ரேகை அவள் கவலை.
கல்யாணம் என் கவலை.
மனுதாரர்: ருடால்ஃப் கொவாரிக்,
ரயில் யார்டு, இரவு ஷிஃப்ட்,
தன் மனைவி தன் மனைவிதான் என்று
நிரூபிக்க வேண்டியவன்.

வக்கீல் அலுவலகத்து மௌரீன் பட்டியல் தந்தாள்:
சேர்ந்து தொடங்கிய கணக்கு,
சேர்ந்து போட்ட வாடகைக் கையெழுத்து,
சேர்ந்து எடுத்த படங்கள்.
சேர்ந்து, சேர்ந்து.
அவள் காலை ஐந்துக்குப் போகிறாள். நான் ஆறுக்கு வருகிறேன்.
கசாப்புக்கூடம் முடித்து அவள்
பள்ளிக்கூடத் தரை கழுவித் திரும்பும்போது
நான் கிளம்பியிருப்பேன்.
சனி மாலை மட்டும் எங்களுக்குப் பொது.
கட்டில் ஒன்றுதான், முறைவைத்துத் தூங்குகிறோம்.
அவள் விட்டுப்போன சூட்டில் போய் விழுகிறேன்.

சூட்டை நகலெடுக்க முடியுமா என்று கேட்டேன்.
மௌரீன் சிரிக்கவில்லை.
படங்கள்? என்றாள்.
நான்கு இருந்தன. இரண்டில் என் கண் மூடியிருந்தது.
ஒன்றில் அவள் தங்கை மகன் குறுக்கே ஓடி
எங்கள் இருவரையும் மறைத்திருந்தான்.

அப்புறம்தான் குளிர்பெட்டிச் சீட்டுகள் ஞாபகம் வந்தன.
எதையும் எறிகிற பழக்கம் எனக்கில்லை,
ஓர் இழுப்பறை நிறையக் கிடந்தன.
பால் தீர்ந்தது.
வீட்டுக்காரர் வந்தார், ஒளிந்துகொண்டேன்.
பூட்ஸை நடைவழியில் கழற்றாதே, இது மூன்றாம் தடவை.
என் ஸ்பானிஷ், அவள் ஆங்கிலம்,
இரண்டும் நொண்டி.
மௌரீன் பொறுமையாய்ப் புரட்டினாள்.
தேதி எங்கே?
செவ்வாய் என்று போட்டிருக்கிறதே.
எந்தச் செவ்வாய்?

பேனாவை எடுத்தேன். இங்கே ஒரு மார்ச்,
அங்கே ஓர் அக்டோபர்,
யாருக்குத் தெரியப் போகிறது?
தொமாசா பேனாவைப் பிடுங்கித்
தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டாள்.
ஒன்று பொய்யானால் மிச்சமெல்லாம் பொய், என்றாள்.
ஒரு சனிக்கிழமை, நேரில் சொன்னது.
அதற்கு ஆதாரம் இல்லை.

அன்றிலிருந்து தேதி போட்டு எழுதினோம்.
தேதியோடு கூடவே ஒரு மூன்றாம் ஆள் வந்து
சமையலறையில் உட்கார்ந்துகொண்டார்.
அவருக்காக நான் 'அன்பே' என்று தொடங்கினேன்.
அவருக்காக அவள்
'உன் மனைவி தொமாசா' என்று முடித்தாள்.
பூட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
கையெழுத்து திருந்திற்று, கோப்பு பருத்தது.
ஐந்து மாதம் நாங்கள் சண்டையே போடவில்லை,
காகிதத்தில்.

நேற்று நேர்காணல் கடிதம் வந்தது.
இன்று காலை
குளிர்பெட்டிக் கதவில் ஒரு சீட்டு,
தேதியில்லை, அன்பே இல்லை:
குழாய் மறுபடி ஒழுகுது. வாளியை மாத்து. பூட்ஸ்!!
கீழே, முட்டை பொரித்த எண்ணெயில்
ஒரு கைநாட்டு,
வழவழவென்று, ஒரு கோடுமில்லாமல்.

மௌரீனுக்கு அதைக் கொடுக்கப் போவதில்லை.
பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
குழாயடிக்குப் போனேன்.
வாளி விளிம்புவரை வந்திருந்தது.