பற்று

மார்க்கெட் தெருக் கிட்டங்கியில்
பத்தரை என்றது வெயில்.
தோக்கியோவுக்கு ஏற்ப முள்ளைத் திருகியிருந்த சுவர்க்கடிகாரம்
பன்னிரண்டு என்றது.
இடைப்பட்ட அந்த ஒன்றரை மணியில்
குவீ பெங் சுவான் உள்ளே வந்தார்.

கைப்பட்டை புதிது. காலர் பழையது.
சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு
எங்களைப் போலவே பாயில் சம்மணமிடத் தெரிந்த
ஒரே தவுக்கே.
பின்னாலேயே வந்த மொழிபெயர்ப்பாளன், தைவான்காரன்,
நிலைப்படியில் சாய்ந்து சிகரெட் பற்றவைத்தான்.

நோட்டை என் மேசைப்பெட்டி மேல் வைத்தார்.
மலாயில் சொன்னார்:
“கூட்டிப் பார், அடைக்கப்பா.
எனக்கு இப்போதெல்லாம் கண் சரியில்லை.”

பாதிப் பெயர்கள் எனக்குத் தெரிந்தவை.
முப்பத்தெட்டில் இதே நோட்டோடு வந்து
சீன நிவாரண நிதி என்று
எங்கள் முதலாளியிடமும் ஐம்பது வெள்ளி வாங்கிப்போனார்,
ஜப்பானை எதிர்க்க.
இப்போது அதே வரிசை, அதே கையெழுத்து,
ஜப்பானுக்கு.
ஐந்து கோடி. அன்பளிப்பாம்.
சொத்தில் நூற்றுக்கு எட்டு;
மூவாயிரத்துக்குள் என்றால் விலக்கு.

சில பெயர்களின் மேல் கோடு.
பிப்ரவரியில் லாரி ஏறியவர்கள்.
கோட்டுக்குக் கீழே மனைவியின் பெயர்.
தொகையில் மாற்றமில்லை.

நடுப்பக்கத்திலிருந்து ஒரு படம் நழுவியது:
பட்டாள உடுப்பில் ஓர் இளைஞன்.
“தம்பி. நான்கிங்கில் இருக்கிறான்.
அங்கேயும் ஒரு சீன அரசாங்கம் இருக்கிறதே,
அதன் சிப்பாய்.
நாட்டுப்பற்று என்று எழுதுகிறான்.”
எந்த நாடு என்று நான் கேட்கவில்லை.
எங்கள் தொழிலில் பற்று என்றால்
வாங்கியவன் பேரில் எழுதுவது.
படத்தைக் கவிழ்த்து வைத்தார்,
தோற்கிற சீட்டைப் போல.

ஒன்பதாம் பக்கத்தில் என் விரல் நின்றது.
ஹோ சியூ கிம், கிரெய்க் சாலை, வீடு ஒன்று:
இரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பது.
அந்த வீட்டின் அடமானப் பத்திரம் எங்கள் பெட்டகத்தில்.
மதிப்பு ஐயாயிரத்து இருநூற்று ஐம்பது.
ஐந்தும் இரண்டும் இடம் மாறியிருந்தன.

கணக்கனுக்கு இதைவிடத் தித்திப்பு வேறில்லை.
சிவப்பு மை தொட்டேன்.
திருத்தினேன்.
எட்டு வீதம், நானூற்று இருபது.
ஓரத்தில் என் முதலெழுத்து.
“தப்பு இருந்தது தவுக்கே!” என்று
வாசல்வரை கேட்கச் சொன்னேன்.

அவர் அந்தச் சிவப்பையே பார்த்திருந்தார்,
கண் சரியில்லை என்றவர்.
மொழிபெயர்ப்பாளன் எட்டிப் பார்த்துத் தலையசைத்தான்.
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
அதற்குள் மை காய்ந்துவிட்டது.
“கணக்கு சுத்தம்” என்றார்.

மறுவாரம் ஐந்தடிப்பாதையில்
ஒரு தையல் மெஷினை இருவர் தூக்கிப்போனார்கள்.
அதன் மிதிபலகை வழியெல்லாம் சும்மா ஆடிக்கொண்டிருந்தது.
பின்னால் வெறுங்கையோடு ஒரு பெண்.
அவள்தானா என்று தெரியாது.
நான் உள்ளே போய்விட்டேன்.

நாற்பத்தைந்தில் அவர் கதவில் தார் பூசியிருந்தார்கள்.
மேலே சீனத்தில் இரண்டு எழுத்து.
எனக்குச் சீனம் தெரியாது; வாசித்துவிட்டேன்.
விசாரணையில் நோட்டை விரித்தார்களாம்.
சிவப்பு மை யாருடையது என்று
அவரிடம் கேட்டார்களாம்.
கண் சரியில்லை என்றாராம்.

அதன் பிறகு ஒரே ஒரு முறை வந்தார்,
பழைய வட்டி கட்ட.
பாயைத் தட்டி விரித்தேன்.
சப்பாத்தைக் கழற்றவில்லை.
நின்றபடியே எண்ணிக் கொடுத்துவிட்டு
ரசீதுகூட வாங்காமல் போனார்.