இருபது வருஷத்துக்கு மேல்

மூன்று சந்தைகளைத் திறந்துவைத்திருக்கிறேன்
ஒரே கைபேசியில்.
குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள்
ஒன்றைத் தேர்ந்துவிட வேண்டும்.
நேற்றும் இதே கணக்குதான்.

முதலாவது கடல் தாண்டியது.
பொருளைப் பரப்பிவைக்க வாடகை,
விற்றால் ஒரு பங்கு,
பணத்தை தினாராக்க இன்னொரு பங்கு.
வடிகட்டி வடிகட்டிக் கடைசியில்
டம்ளரில் என்ன மிஞ்சும் என்று
செலஸ்டின் கால்குலேட்டரில் தட்டிக் காட்டினார்.
ஆனால் படங்கள் அழகு.
வெள்ளைத் துணிமேல் ஒற்றைக் கரண்டி கிடந்தாலும்
பெண்பார்க்க உட்கார்த்திவைத்த மாதிரி.

இரண்டாவது, இந்த ஊர்ச் சந்தை.
வாடகை இல்லை, பங்கு இல்லை,
தூக்கமும் இல்லை.
பாதி ராத்திரியில் 'லாஸ்ட் பிரைஸ்?' என்பான் ஒருவன்.
சொன்னால் ஆளைக் காணோம்.
அடுத்த வாரம் அதே ஆள், அதே கேள்வி,
நடுவில் நான் செத்துப் பிறந்தவள் போல.

மூன்றாவது வாசலிலேயே உரிமம் கேட்டது.
கணவர் பேரில் விசா எனக்கு.
செருப்பைக் கழற்றும் முன்பே திரும்பிவிட்டேன்.

சரக்கைச் சொல்லவில்லையே.
சால்மியாவில் எங்கள் கட்டடத்திலிருந்து
மாதம் ஒரு குடும்பமாவது ஊருக்குப் போகும்.
விமானத்துக்கு முப்பது கிலோ,
மிச்சமெல்லாம் லிப்ட் பக்கத்தில்.
ஹாரிஸ் அபூ ஸய்யித் கீழிருந்து கூப்பிடுவார்:
'மதாம், ஸாஆ!'
மணி கேட்கிறார் என்று முதல் தடவை நேரம் சொன்னேன்.
கடிகாரமாம்.

இப்படி வந்தவை பதினொன்று.
துருவைச் சுரண்டி, பல்சக்கரம் துடைத்து,
மங்கிய முகத்தை எடுத்துவிட்டு
துணியில் புது முகம் தைக்கிறேன்.
எண்கள் கிடையாது, பன்னிரண்டு முடிச்சு.
305 காலியானபோது வந்தது
எல்லாவற்றிலும் மூத்தது. ஜப்பான், எழுபத்தெட்டு.
அவர்களுக்கும் அதை வேறு யாரோ
விட்டுப் போனார்களாம்.

கடல் தாண்டிய சந்தை கேட்கிறது:
யார் செய்தது? எப்போது செய்தது?
கைவேலை என்றால் உன் கையாக இருக்க வேண்டும்.
பழசு என்றால் இருபது வருஷம் தாண்டியிருக்க வேண்டும்.
இரண்டில் ஒன்றைத் தொடு.
முள் எழுபத்தெட்டு, முகம் போன மாசம்.
எதைத் தொட?

இருபது வருஷத்தில் விரல் நின்றுவிட்டது.
இங்கே யாரும் மொத்தமாக இருபது வருஷம் இருப்பதில்லை,
இரண்டிரண்டாக இருக்கிறோம்
முத்திரைக்கு முத்திரை.
இதுவோ
ரத்தம் கொடுக்காமல், ரேகை வைக்காமல்,
தொண்ணூறில் ஊரே பாலைவனம் வழியாக ஓடியபோதும்
சுவரைவிட்டு இறங்காமல்
இருந்திருக்கிறது.
வாரம் ஒரு சாவி, அவ்வளவுதான் அதன் இக்காமா.
பொறாமையாகத்தான் இருந்தது.

'உங்கள் கதையைச் சொல்லுங்கள்' என்றொரு கட்டம்.
வாங்குகிறவர்களுக்குக் கதை பிடிக்குமாம்.
'ஜெசிந்தா. தைப்பேன்' என்று போட்டேன்.
இன்னும் நானூற்றுச் சொச்சம் எழுத்து பாக்கி என்றது.

விசில் ஐந்தா ஆறா, விட்டுவிட்டேன்.
அடுப்பை அணைத்து வந்து
மூத்ததை ஊர்ச் சந்தையில் போட்டேன், சும்மா.
படத்தில் ஏசி வயர் வேறு விழுந்திருந்தது.
ஏழு நிமிஷம்.
'லாஸ்ட் பிரைஸ்?'
ஆறு தினார்.
'எந்த ஏரியா?' சொன்னேன்.
'எந்தக் கட்டடம்?' சொன்னேன்.
'எந்த மாடி?'
அதற்கும் சொன்னேன். பிறகு
எழுத்து வரவில்லை, காலிங்பெல் வந்தது.

ஈரத் தலையோடு ஒரு பையன்.
வந்து ஒன்பது நாளாம்.
பழசா, கைவேலையா, ஒன்றும் கேட்கவில்லை.
'சத்தம் வருமா?'
வரும், அரை மணிக்கு ஒரு தடவை.
'நல்லது.'
ஐந்து தினாரும் சில்லறையும் எண்ணி வைத்தான்,
கால் தினார் குறைந்தது, நாளைக்கு என்றான்.
எந்த ஃப்ளாட் என்று கேட்டேன்.
'த்ரீ நாட் ஃபைவ்.'

ஆணி அடிக்க வேண்டாம் தம்பி,
ஹாலில் இடதுபக்கச் சுவரைப் பார்,
இருக்கும்.

செலஸ்டின் வந்ததும் கேட்டார்,
எந்தச் சந்தை என்று முடிவு பண்ணிவிட்டாயா?
இன்னும் பத்து இருக்கிறது என்றேன்.
பருப்பு அடிபிடித்திருந்தது.
ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.