காட்பாடியில் இறங்குகிறவர்களுக்கு

முதல் வாரம் என் தளத்துக்கு வந்தவர்கள் பதினொரு பேர்.
அதில் ஏழு, நான்.
இரண்டு, என் தம்பி; போன் மாற்றிய அன்று மறுபடி பார்த்தானாம்.

பாபு ராவ் தெருவில் மாடியறை, கீழே மருந்துக்கடை.
நாற்பத்துமூன்று விடுதிகள் ஏறி இறங்கி எழுதியிருந்தேன்:
எதில் லிப்ட் ஓடுகிறது,
எதில் லிப்ட் என்ற பலகை மட்டும் இருக்கிறது,
எங்கே அறைக்குள் மீன் பொரிக்க விடுவார்கள்,
எங்கே வெந்நீர் காலை ஐந்தரையோடு சரி.
கழிவறைக் கதவில் வீல்சேர் நுழையுமா என்று
டேப் வைத்து அளந்தேன்.
இருபத்தாறு அங்குலம். இருபத்துமூன்று. மறுபடி இருபத்துமூன்று.
ஒரு மேனேஜர் என்னைக் கார்ப்பரேஷன் ஆள் என்று நினைத்து
டீ வாங்கித் தந்தார். குடித்துவிட்டுத்தான் சொன்னேன்.

கூகுளுக்கு இதெல்லாம் தெரியாது.
வேறு யாராவது தன் பக்கத்திலிருந்து
விரல் நீட்டி ‘அதோ’ என்றால்தான்
அது திரும்பிப் பார்க்கும்.

விரல்கள் விலைக்கும் கிடைக்கின்றன.
கத்திரி வெயிலில், கரண்ட் போன மதியத்தில் ஒரு அழைப்பு:
“ஐந்நூறு லிங்க், மூவாயிரம் ரூபாய் மேடம்,
பத்தே நாளில் முதல் பக்கம்.”
எங்கிருந்தெல்லாம் என்றேன். பட்டியல் வந்தது.
எடை குறைக்கும் பொடி. ரம்மி.
மூடிப்போன ஏதோ பள்ளியின் பழைய முகவரி.
யாரோ ஒருவருடைய நினைவஞ்சலிப் பக்கம்,
அவர் படத்துக்கு நேர் கீழே ஓர் இடம் காலி.
மூவாயிரம் என்னிடம் இருந்தது. மறைக்கமாட்டேன்,
ஜிபேயில் தொகையைக்கூட அடித்துவிட்டேன்.
கரண்ட் வந்தது, வைஃபை வரவில்லை.

அன்று ராத்திரி தம்பியை வண்டியேற்றிவிட்டு
காட்பாடி ஸ்டேஷன் வாசலுக்கு வந்தேன்.
ஹவுரா வண்டி நாலு மணி நேரம் தாமதித்து
பைகளையும் ஸ்கேன் உறைகளையும் கொட்டியிருந்தது.
நீண்ட கைகள், “லாட்ஜ், லாட்ஜ், கம் தாம், கம் தாம்.”
தலைக்கு இருநூறு கமிஷன், ஊருக்கே தெரியும்.
நான் ஏறவிருந்த ஆட்டோக்காரர் எட்டியப்பன்,
என் வயசுதான் இருக்கும்,
ஊன்றுகோல்காரர் ஒருவரிடம் பாதி வங்காளமும் கை ஜாடையுமாக
“அங்க வோணாம், மூணு மாடி” என்றுகொண்டிருந்தார்.

பாலாற்றுப் பாலத்தில் கேட்டேன்:
நீங்கள் கமிஷன் வாங்கமாட்டீர்களா?
“இன்னாமா இப்டி கேட்ட? வாங்குவேன்.
லிப்ட் இருக்கறவன் கையில வாங்குவேன்.
கால் ஒடஞ்ச ஆள மாடிப்படில எறக்கி உட்டா
அடுத்த தபா அவுங்க ஊர்லேர்ந்து எவன் என் வண்டில ஏறுவான்?”
சொல்லிவிட்டு என்னிடம் இருபது ரூபாய் கூடக் கேட்டார்.
ராத்திரி ரேட்டாம்.

மறுநாள் அந்த எண்ணை பிளாக் செய்தேன்.
பிறகு செத்த சுட்டிகளைத் தேட ஆரம்பித்தேன்.
பர்தமானில் ஒரு நோயாளிகள் சங்கம்,
‘வேலூரில் தங்குமிடம்’ என்று ஏழு சுட்டிகள்,
நாலு திறக்கவில்லை.
எழுதினேன்: இரண்டு விடுதிகளை மூடிவிட்டார்கள்.
ஒன்றில் இப்போது ஷவர்மா விற்கிறார்கள்.
நாலாவதன் தொலைபேசி எண்ணை
ஒரு சிமெண்ட் கடைக்காரர் திட்டிக்கொண்டே எடுக்கிறார்.
அடியில் ஒரே ஒரு வரி: என்னிடமும் ஒரு பட்டியல் உண்டு,
பிடித்தால் சேருங்கள், இல்லையென்றால்
அந்த நாலையாவது எடுத்துவிடுங்கள்.

இதுபோல முப்பத்தொரு கடிதங்கள்,
ஒவ்வொன்றும் அந்தந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு.
பதில் இரண்டு.
ஒன்று, ‘எவ்வளவு தருவீர்கள்?’

மற்றது மூன்று வாரம் கழித்து, சுதீப்தா மண்டல்:
‘நாலையும் எடுத்துவிட்டோம். உங்களுடையதைச் சேர்த்திருக்கிறோம்.
அப்பாவின் வீல்சேர் இருபத்துநாலு அங்குலம்,
இருபத்தாறு உள்ள இடத்தில் அறை எடுத்தோம்.
ஆனால் அங்கே வெந்நீர் ஐந்தரை வரை இல்லை,
ஐந்து வரைதான். மாற்றுங்கள்.’

முதலில் ஐந்து என்று மாற்றினேன்.
அப்புறம்தான் நன்றி எழுதினேன்.

இன்றைக்குப் பதினாலு பேர். ஒன்பது பேர் பர்தமானிலிருந்து.
நான் இரண்டு தடவைதான்.